பாட்டுக்கு வாசித்த சார்லி

ரோலிங் ஸ்டோன்ஸ் ராக் குழுவின் டிரம்மர் சார்லி வாட்ஸ் வாசிக்கிற வீடியோ ஏதாவது ஒன்றைச் சத்தத்தை அணைத்துவிட்டுப் பாருங்கள். முன்னால் பாடகர் மிக் ஜாகர் ஓடுவதையும் ஆடுவதையும் விட்டுவிடுங்கள். பின்னால் உட்கார்ந்திருக்கிற மனிதரின் வலது கையை மட்டும் கவனியுங்கள். ஹை-ஹேட்டில், அதாவது காலால் திறந்து மூடுகிற ஜோடித் தாளத் தட்டில், சீராகத் தட்டிக்கொண்டே வரும். இடது கை ஸ்நேரில், அதாவது முன்னால் இருக்கிற சின்ன டிரம்மில், இறங்குகிற நேரம் வந்ததும் வலது கை மேலே எழும்பிவிடும். அந்த இடத்தில் ஹை-ஹேட் தட்டு விழாது. ஸ்நேர் அடி விழுந்த பிறகுதான் கை மறுபடி கீழே வரும்.

டிரம்ஸ் வாசிக்காதவர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். சாதாரண ராக் பீட்டில் ஒரு சுற்றுக்கு நான்கு அடி. ஒவ்வொன்றையும் இரண்டாகப் பிரித்தால் எட்டு தட்டு. அந்த எட்டையும் வலது கை ஹை-ஹேட்டில் தட்டும். இரண்டாவது அடியிலும் நான்காவது அடியிலும் இடது கை ஸ்நேரில் விழும். பெரும்பாலான டிரம்மர்கள் அந்த இரண்டு இடத்திலும் இரண்டு கையையும் சேர்த்தே அடிப்பார்கள். எனக்குச் சொல்லிக்கொடுத்தவரும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார். சார்லி அங்கே ஹை-ஹேட்டை விட்டுவிடுவார். எட்டில் ஆறுதான் விழும். வாயால் சொன்னால் டிக்-டிக்-டாக்-டிக், டிக்-டிக்-டாக்-டிக். 'டாக்' வருகிற இடத்தில் 'டிக்' கிடையாது. அதனால் ஸ்நேர் மேல் எதுவும் ஒட்டாமல் பளிச்சென்று தனியாகக் கேட்கும்.

இதைத் தெரிந்து செய்யவில்லை என்றும், ஸ்நேரைப் பலமாக அடிக்க மற்றக் கை வழிவிட வேண்டியிருந்ததால் வந்த பழக்கமாக இருக்கலாம் என்றும் அவரே சொல்லியிருக்கிறார். எங்கள் ஒத்திகையில் ஒருநாள் நான் இதைச் செய்து பார்த்தேன். கீபோர்டு வாசிக்கிற அண்ணன் பாதிப் பாட்டில் கையைத் தூக்கி நிறுத்தினார். "என்ன தம்பி, கை வலிக்குதா? விட்டு விட்டு அடிக்கிறே?" பாட்டு முடியட்டும் அண்ணே என்றேன். முடிந்ததும் பேஸ் கிட்டார் பையன்தான் வாயைத் திறந்தான். "இன்னைக்கு என் நோட்டு எனக்கே நல்லா கேக்குதுண்ணே."

பகலில் நான் சிவகாசியில் காலண்டர் டிசைன் செய்கிறவன். பங்குனி, சித்திரை வந்தால் கோவில் பொங்கல் மேடைகளில் மெல்லிசைக் குழுவோடு டிரம்ஸ். இங்கே இதுவரை எழுதியதெல்லாம் நம் சினிமாப் பாட்டு ரிதம் பற்றித்தான். ரோலிங் ஸ்டோன்ஸை நம்மில் பலருக்கு டி-ஷர்ட்டில் தொங்குகிற சிவப்பு நாக்காகத்தான் தெரியும். எங்கள் ஊர் ரெடிமேட் கடையிலும் அந்த நாக்கு விற்கிறது. வாங்குகிற பையன்களிடம் அது என்ன என்று கேட்டால் ஏதோ கம்பெனி பெயர் என்பார்கள். அந்த நாக்குக்குப் பின்னால் 1963 ஜனவரியிலிருந்து 2021 ஆகஸ்டில் இறக்கும்வரை ஒரே ஆள் டிரம்ஸ் வாசித்தார். கிட்டத்தட்ட 58 வருஷம். ஒரே குழு. அதில் எனக்குப் பெரிய ஆச்சரியம், அவர் தன்னை ராக் டிரம்மராகவே நினைத்துக்கொண்டதில்லை என்பது.

சார்லி பிறந்தது 1941 ஜூன் 2, லண்டனில். அப்பா ரயில்வேக்கு லாரி ஓட்டியவர். போரில் குண்டு விழுந்து வீடிழந்த குடும்பங்களுக்காக அவசரமாகப் பொருத்திக் கொடுத்த சின்ன வீடுகள் வெம்ப்ளிப் பக்கம் இருந்தன. அதில் ஒன்றில் வளர்ந்தார். பக்கத்து வீட்டுப் பையன் டேவ் கிரீன். இரண்டு பேருக்கும் ஜாஸ் இசைத்தட்டுப் பைத்தியம். டேவ் பின்னாளில் இங்கிலாந்தின் பேர்பெற்ற ஜாஸ் பேஸ் கலைஞரானார். சார்லி உலகப் புகழ் பெற்ற பிறகும், எழுபது வயது தாண்டியும், இருவரும் சேர்ந்து ஒரே மேடையில் பூகி-வூகி என்கிற துள்ளலான பியானோ ப்ளூஸ் வாசித்திருக்கிறார்கள். பக்கத்து வீட்டு நட்பு அவ்வளவு தூரம் வருமா என்று எனக்குத் தெரியவில்லை. அவர்களுக்கு வந்தது.

பதினாலு வயது வாக்கில் சார்லி ஒரு பான்ஜோ வாங்கினார். அதன் கழுத்தில் இருந்த புள்ளிகள் அவருக்குப் பிடிக்கவில்லை. விரலை எங்கே வைப்பதென்றும் புரியவில்லை. அதே சமயம் ஜெரி மல்லிகனின் ஜாஸ் குழுவில் சிக்கோ ஹாமில்டன் குச்சிக்குப் பதில் பிரஷ்ஷால் டிரம்ஸ் வாசிப்பதைக் கேட்டிருந்தார். பான்ஜோவின் கழுத்தைக் கழற்றி எறிந்தார். தோல் போட்ட வட்டம் மட்டும் மிஞ்சியது. அதை ஒரு ஸ்டாண்டில் வைத்து பிரஷ்ஷால் தடவ ஆரம்பித்தார். அதுதான் அவருடைய முதல் ஸ்நேர். பிறகு பெற்றோர் ஒரு டிரம்ஸ் கிட் வாங்கிக் கொடுத்தார்கள். யாரிடமும் முறையாகப் பாடம் படிக்கவில்லை. இசைத்தட்டைப் போட்டுவிட்டு அதோடு சேர்ந்து வாசித்ததுதான் பாடம்.

படித்தது ஹாரோ ஓவியப் பள்ளியில். வேலை விளம்பர நிறுவனத்தில், டிசைனராக. இந்த இடத்தில் எனக்கு ஒரு தனி ஒட்டுதல் வந்துவிடுவதை மறைக்க முடியாது. சாக்ஸஃபோன் மேதை சார்லி பார்க்கரின் கதையை ஒரு பறவையின் கதையாகப் படம் வரைந்து எழுதினார். பிறகு அது சின்னப் புத்தகமாகவும் வந்தது. 1967ல் வெளிவந்த 'பிட்வீன் த பட்டன்ஸ்' ஆல்பத்தின் பின் அட்டையில் இருக்கிற கார்ட்டூன் அவர் போட்டது. பின்னாளில் பெரிய பெரிய மைதான மேடைகளை ஜாகரோடு உட்கார்ந்து வடிவமைத்ததும் அவர்தான். டிரம்மர் என்றால் அடிக்கத் தெரிந்தவர், அவ்வளவுதான் என்று நினைக்கிற கச்சேரி காண்டிராக்டர்களுக்கு இதைச் சொல்லிவைக்க வேண்டும்.

கிட்டார் கலைஞர் அலெக்சிஸ் கார்னர் லண்டனில் நடத்திய 'ப்ளூஸ் இன்கார்ப்பரேட்டட்' என்ற குழுவில் சார்லி 1962ல் சேர்ந்தார். ரிதம் அண்ட் ப்ளூஸ் என்றால் என்ன என்று சார்லிக்கு அப்போது தெரியாது. சார்லி பார்க்கரை மெதுவாக வாசிப்பது போலிருக்கிறது என்று நினைத்தாராம். ஈலிங் கிளப்பில் அந்தக் குழு வாசிக்கும்போது கேட்க வந்த பையன்களில் பிரையன் ஜோன்ஸ், மிக் ஜாகர், கீத் ரிச்சர்ட்ஸ் மூவரும் உண்டு. அவர்கள் அப்போதுதான் ரோலிங் ஸ்டோன்ஸ் என்று பெயர் வைத்துக்கொண்டு, நிலையான டிரம்மர் இல்லாமல் திண்டாடிக்கொண்டிருந்தார்கள். சார்லிதான் வேண்டும் என்று ஆசை. சம்பளம் கொடுக்கத்தான் வழியில்லை. வயிற்றைக் கட்டிக் காசு சேர்த்தோம் என்று கீத் பிற்பாடு எழுதியிருக்கிறார். சார்லி கார்னரிடமிருந்து விலகியபோது அந்த இருக்கையில் வந்து உட்கார்ந்தவர் ஜிஞ்சர் பேக்கர். நாலு வருஷம் கழித்து 'க்ரீம்' குழுவில் இருந்துகொண்டு டிரம்ஸ் சோலோ என்றாலே பேக்கர் என்று ஆக்கிவிட்ட அதே ஆள்.

ஸ்டோன்ஸுக்கு வந்த புதிதில் குழுவின் கிட்டார்காரர்கள் கீத்தும் பிரையனும் ப்ளூஸ் பாடகர் ஜிம்மி ரீட் இசைத்தட்டுகளை சார்லிக்குத் திரும்பத் திரும்பப் போட்டுக் காட்டினார்கள். ரீடின் டிரம்மர் ஏர்ல் பிலிப்ஸ். பெரிதாக ஒன்றும் செய்யமாட்டார். நடை மாறாமல், உருட்டல் இல்லாமல், பாடுகிறவரைத் தாங்கிக்கொண்டே போவார். பெரிய ஜாஸ் டிரம்மர்கள் மாதிரி வாசிக்க ஆசைப்பட்ட பையன் அங்கிருந்துதான் சும்மா இருக்கக் கற்றுக்கொண்டார். டிரம்ஸில் கற்றுக்கொள்ள ரொம்ப நாள் பிடிக்கிற பாடம் அதுதான். திருவிழா மேடையில் நாலு ஆக்டோபேட்காரர்களோடு வாசித்துப் பாருங்கள், தெரியும்.

அப்புறம், ஸ்டோன்ஸின் ரகசியம். அந்தக் குழுவில் முப்பது வருஷம் பேஸ் வாசித்த பில் வைமன் இதைத் தெளிவாக விளக்கியிருக்கிறார். வழக்கமாக ராக் குழுவில் எல்லோரும் டிரம்மரைப் பின்பற்றுவார்கள். அவர் குச்சியைத் தட்டி ஒன்-டூ-த்ரீ-ஃபோர் சொல்வார், மற்றவர்கள் அதைப் பிடித்துக்கொள்வார்கள். ஸ்டோன்ஸில் தலைகீழ். கீத் கிட்டாரில் ஒரு துண்டை எடுப்பார். சார்லி அதைக் கேட்டுவிட்டு உள்ளே வருவார். பாட்டு முழுக்கவும் அவர் காது கீத்திடம்தான். அதனால் டிரம்ஸ் கிட்டாருக்கு மயிரிழை பின்னால் விழும். வைமனுக்கோ மயிரிழை முன்னால் போகிற பழக்கம். மூன்று பேரும் ஒரே புள்ளியில் சேரவே மாட்டார்கள். எந்த நிமிஷமும் கலைந்துவிடும் போலிருக்கும், கலையாது. அவர்கள் பாட்டை மற்றக் குழுக்கள் சுத்தமாக, கச்சிதமாக வாசிக்கும்போது ஏதோ குறைவது இதனால்தான்.

மேலை நாட்டு விமர்சகர்கள் இதைப் பெரிய விநோதமாக எழுதுவார்கள். நமக்கு இதில் என்ன விநோதம்? பாடுகிறவர் காலப்பிரமாணத்தை எடுத்துக் கொடுப்பார், மிருதங்கம் அதைப் பிடித்துக்கொள்ளும். மிருதங்க வித்வான் எண்ணிக்கை கொடுத்துப் பாடகர் ஆரம்பித்ததாக எந்தச் சபாவிலும் கேள்விப்பட்டதில்லை. 'பாட்டுக்கு வாசிக்கிறார்' என்று சொன்னால் பக்கவாத்தியக்காரருக்கு அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது. பல்லவி திரும்புகிற இடம், சங்கதி விழுகிற இடம், பாடகர் மூச்சு வாங்குகிற இடம் எல்லாம் தெரிந்து, அங்கங்கே கொடுக்க வேண்டியதைக் கொடுத்து, மற்ற நேரத்தில் அடங்கியிருப்பது. சார்லி வாட்ஸ் கிட்டத்தட்ட அறுபது வருஷம் செய்தது அதைத்தான். கீத்துக்குப் பக்கவாத்தியம்.

ஒரு வித்தியாசம் உண்டு. நம் வித்வானுக்குத் தனி ஆவர்த்தனம் இருக்கிறது. சார்லி அதைக் கூட வேண்டாம் என்றுவிட்டார். எழுபதுகளில் ராக் கச்சேரி என்றால் டிரம்ஸ் சோலோ கட்டாயம். லெட் செப்பலினின் ஜான் பானம் சில இரவுகளில் இருபது நிமிஷத்துக்கு மேல் தனியாக வாசிப்பார். மற்றவர்கள் மேடையை விட்டே போய்விடுவார்கள். பானம் எனக்கும் பிடிக்கும், அந்தக் கால் வேகம் யாருக்கும் வராது. ஆனால் சார்லிக்கு சோலோ என்றாலே ஆகாது. குழுவோடு சேர்ந்து வாசிக்கிற டிரம்மரைத்தான் கேட்கப் பிடிக்கும் என்பார். கிட்டும் அதற்கேற்ற மாதிரி. 1957ல் செய்த கிரெட்ச் கிட். பேஸ் டிரம், ஸ்நேர், இரண்டு டாம். நான்கே டிரம், சில சிம்பல். எண்பதுகளில் மற்றவர்கள் கிட்டுக்குள் புகுந்தால் ஆளே தெரியாத அளவுக்கு அடுக்கிக்கொண்டிருந்தபோதும் அவர் அதை மாற்றவில்லை.

பாட்டுகளுக்கு வருவோம். 'சாடிஸ்ஃபேக்‌ஷன்' (1965) எல்லோரும் கேட்டிருப்பீர்கள். அதில் இரண்டு, நான்கு என்ற கணக்கே இல்லை. நான்கு அடியிலும் ஸ்நேர். விடாமல், ஆரம்பத்திலிருந்து கடைசிவரை. அந்தப் பிடிவாதம்தான் பாட்டின் எரிச்சலைத் தூக்கிக் கொடுக்கிறது. 'சிம்பதி ஃபார் த டெவில்' பாட்டில் ஒரு ஜாஸ்-லத்தீன் நடை. ஜாஸ் டிரம்மர் கென்னி கிளார்க் வாசித்தால் எப்படி வாசிப்பாரோ அப்படி வாசித்ததாகச் சார்லியே சொல்லியிருக்கிறார். ராக் ரசிகர்கள் அதைச் சாத்தான் பாட்டு என்று பயந்தார்கள். டிரம்மரோ மனதுக்குள் ஜாஸ் கிளப்பில் உட்கார்ந்திருந்தார்.

எனக்கு ரொம்பப் பிடித்தது 'ஸ்ட்ரீட் ஃபைட்டிங் மேன்' (1968). அந்த டிரம்ஸ் சத்தம் எப்படி வந்தது என்று தெரியாமல் பல நாள் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தேன். சார்லியிடம் 1930களில் செய்த ஒரு பயிற்சிக் கிட் இருந்தது. சின்னப் பெட்டிக்குள் மடித்து எடுத்துப் போகிற மாதிரியானது. ஸ்நேர் ஏறக்குறைய கஞ்சிரா அளவுதான். அதைத் தரையில் பரப்பிக்கொண்டு அவர் உட்கார, பக்கத்தில் கீத் சாதாரண மரக் கிட்டாரோடு உட்கார, நடுவில் ஒரு பிலிப்ஸ் கேசட் ரெக்கார்டர். பேசியதைப் பதிவு செய்துகொள்ள வீடுகளில் வைத்திருப்பார்களே, அந்த ரகம். சத்தம் தாங்காமல் அது பிதுங்கிப் பதிவு செய்தது. பிதுங்கியதையே ஸ்பீக்கரில் போட்டு, ஸ்டுடியோ டேப்பில் மறுபடி பிடித்து, அதன் மேல் மற்றதைச் சேர்த்தார்கள். அந்தப் பாட்டில் எலெக்ட்ரிக் கிட்டார் முழங்குவதாக நாம் நினைத்துக்கொள்வது மரக் கிட்டார்தான். பெரிய கிட் இடிப்பதாக நினைத்துக்கொள்வது அந்தப் பெட்டி டிரம்ஸ்தான். இன்று சத்தத்தை மாற்றுகிற பிளக்-இன் சாஃப்ட்வேர் வாங்க ஆயிரக்கணக்கில் செலவழிக்கிற ரெக்கார்டிங் தம்பிகளுக்கு இந்தக் கதையை அடிக்கடி சொல்லுவேன். மரியாதைக்குக் கேட்டுக்கொள்வார்கள்.

'ஹாங்கி டாங்க் விமன்' (1969) இன்னொரு வேடிக்கை. முதலில் வருகிற கவ்பெல்லை, அதாவது மாட்டு மணி மாதிரியான தாளக் கருவியை, தட்டுவது தயாரிப்பாளர் ஜிம்மி மில்லர். பிறகு சார்லி வருகிறார், பிறகு கீத். உன்னிப்பாகக் கேட்டால் கவ்பெல்லும் டிரம்ஸும் ஒன்றுக்கொன்று சரியாகப் பொருந்தாது. ஜிம்மி தவறாக வந்தாரா நான் தவறாக வந்தேனா தெரியாது, கீத் சரியாக வந்தார், அதனால் எல்லாம் சரியாகிவிட்டது என்கிற மாதிரி சார்லி சொல்லியிருக்கிறார். பக்கவாத்தியக்காரர் பேச்சு என்பது இதுதான். பாட்டு ஆரம்பித்த வேகத்தைவிட முடிகிற வேகம் கூட. இன்றைக்கு காதில் சீராக எண்ணிக் கொடுக்கிற கிளிக் டிராக் போட்டு அதை நேராக்கியிருப்பார்கள், பாட்டும் செத்திருக்கும்.

மில்லர் பற்றி இன்னொன்று. 'யூ கான்ட் ஆல்வேஸ் கெட் வாட் யூ வான்ட்' பாட்டில் டிரம்ஸ் வாசித்தது சார்லி இல்லை, மில்லர்தான். சார்லிக்கு அந்த நடை பிடிபடாததால் மில்லர் உட்கார்ந்து காட்டினார், அதுவே பதிவாகிவிட்டது. எங்கள் மேடைகளில் இப்படி நடந்தால் அடுத்த வாரம் குழு இரண்டாகிவிடும். சார்லி அதற்காகக் கோபித்துக்கொள்ளவில்லை. டிரம்ஸ் வாசிப்பதைப் பற்றி மறுபடி யோசிக்க வைத்தவர் மில்லர் என்றுதான் பேசினார்.

கோபமே வராத மனிதர் என்று நினைத்துவிட வேண்டாம். 1984, ஆம்ஸ்டர்டாம். விடிகாலை ஐந்து மணி போல, நன்றாகக் குடித்துவிட்டு வந்த ஜாகர் சார்லியின் அறைக்குப் போன் போட்டு "என் டிரம்மர் எங்கே?" என்று கேட்டார். போனை வைத்துவிட்டுச் சார்லி எழுந்தார். சவரம் செய்துகொண்டார். கோட்டு, சூட்டு, டை, பளபளக்கிற ஷூ, வாசனைத் திரவியம் எல்லாம் போட்டுக்கொண்டார். இறங்கி வந்து கதவைத் தட்டி, ஜாகரைப் பிடித்து, இனி என்னை உன் டிரம்மர் என்று சொல்லாதே என்று ஒரு குத்து விட்டார். மேசையில் இருந்த மீன் தட்டின் மேல் விழுந்த ஜாகர், திறந்திருந்த ஜன்னல் பக்கம் சறுக்கிக்கொண்டு போனார்; கீழே கால்வாய். கீத்தான் பிடித்து இழுத்தார். ஜாகர் போட்டிருந்தது கீத்தின் கல்யாணக் கோட்டு, அது வீணாகிவிடக் கூடாது என்றுதான் பிடித்தேன் என்கிறார். 2010ல் வந்த சுயசரிதையில் கீத் சொன்ன கதை இது. கீத் கதை சொன்னால் கொஞ்சம் மசாலா இருக்கும். ஆனால் சார்லி இதை மறுத்ததில்லை. குடித்திருந்ததால் நடந்தது, பெருமைப்பட ஒன்றுமில்லை என்றுதான் சொன்னார். அடித்ததைவிட எனக்குப் பிடித்தது, அடிக்கப் போகும் முன் சவரம் செய்துகொண்டதுதான்.

அந்த வருஷங்கள் அவருக்கு நல்ல வருஷங்கள் இல்லை. அறுபதுகளிலும் எழுபதுகளிலும் சுற்றியிருந்த எல்லோரும் போதையில் மிதந்தபோது ஒதுங்கியிருந்தவர், நாற்பது வயதுக்குப் பிறகு ஹெராயினிலும் மதுவிலும் விழுந்தார். ஒருநாள் ஒயின் எடுக்கப் பாதாள அறைக்கு இறங்கும்போது கணுக்கால் முறிந்தது. ரானி ஸ்காட்ஸ் ஜாஸ் கிளப்பில் கச்சேரி வைத்திருந்த நேரம். அதோடு எல்லாவற்றையும் நிறுத்தினார். 1964ல் சத்தமில்லாமல் கல்யாணம் செய்துகொண்ட ஷெர்லிதான் கடைசிவரை மனைவி. அந்தக் குழுவில் இது ஒரு சாதனை. டெவன் மாவட்டத்துப் பண்ணையில் அரபுக் குதிரைகள் வளர்த்தார்கள். கார் ஓட்டத் தெரியாது, ஆனால் பழைய கார்களை வாங்கி வைத்து, காருக்குப் பொருத்தமாகச் சூட்டு தைத்துப் போட்டுக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருப்பார். சுற்றுப்பயணம் என்றால் வெறுப்பு. 1967க்குப் பிறகு பயணத்தில் தங்கிய ஒவ்வொரு ஹோட்டல் கட்டிலையும் நோட்டில் வரைந்து வைத்தார். கட்டில்களை மட்டும்! ஒவ்வொரு பயணம் முடிந்ததும் இனி வரமாட்டேன் என்பார். அடுத்த முறையும் வருவார்.

சம்பாதித்த காசை எங்கே போட்டார் என்றால், ஜாஸில். 1985ல் முப்பதுக்கு மேற்பட்ட கலைஞர்களைச் சேர்த்து ஒரு பெரிய ஆர்க்கெஸ்ட்ரா. தொண்ணூறுகளில் சார்லி பார்க்கர் நினைவாக ஐவர் குழு. அப்புறம் பத்துப் பேர் குழு. கடைசியில் டேவ் கிரீனோடு பூகி-வூகி. மைதானத்தில் லட்சம் பேருக்கு வாசித்துவிட்டு வந்து, இருநூறு பேர் உட்காருகிற கிளப்பில் பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு உட்காருவார். இரண்டு இடத்திலும் முகம் ஒரே மாதிரிதான் இருக்கும். எங்கேயோ பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவர் முகம்.

அந்த முகத்தை நான் நேரில் பார்த்திருக்கிறேன். 2003 ஏப்ரல் 4, பெங்களூர் பேலஸ் மைதானம். ஸ்டோன்ஸ் இந்தியாவுக்கு வந்து பெங்களூரிலும் மூன்று நாள் கழித்து மும்பையிலும் வாசித்தார்கள். நான் அப்போது ஓசூரில் வேலையில் இருந்தேன். அறையில் கூடத் தங்கியிருந்த மலையாளி நண்பர்தான் கேசட் போட்டுப் போட்டு என்னை இதில் இழுத்துவிட்டவர். டிக்கெட்டும் அவர் எடுத்ததுதான். நாங்கள் நின்ற இடத்திலிருந்து ஜாகர் சுண்டுவிரல் அளவுதான் தெரிந்தார். பெரிய திரையில்தான் சார்லியைப் பார்த்தேன். நரைத்த முடி, அரைக் கை சட்டை, முகத்தில் ஒரு சலனமும் இல்லை. என்னைச் சுற்றி எல்லோரும் குதித்துக்கொண்டிருக்க, நான் அந்த வலது கை மேலே போகிறதா என்று பார்த்துக்கொண்டே நின்றேன். "மேன், நீ கச்சேரி பாக்க வந்தியா, பாடம் படிக்க வந்தியா?" என்று நண்பர் முதுகில் ஒன்று வைத்தார். ஜாகர் ஒவ்வொருவராக அறிமுகம் செய்துகொண்டு வந்து சார்லியின் பெயரைச் சொன்னதும் எழுந்த கூச்சல் இருக்கிறதே, அதைக் கேட்டு அந்த மனிதர் கூச்சத்தோடு பாதி எழுந்து, பாதி சிரித்து, சட்டென்று உட்கார்ந்துவிட்டார்.

அடுத்த வருஷமே தொண்டையில் புற்றுநோய். சிகிச்சை எடுத்துக்கொண்டு 2005ல் மறுபடி மேடைக்கு வந்தார். அவர் ஸ்டோன்ஸோடு கடைசியாக வாசித்தது 2019 ஆகஸ்ட் 30, மியாமியில். 2020 ஏப்ரலில் கொரோனா ஊரடங்கின்போது நடந்த இணைய நிகழ்ச்சியில் நால்வரும் அவரவர் வீட்டிலிருந்து வாசித்தார்கள். சார்லி வீட்டில் கிட் இல்லை போலிருக்கிறது, அல்லது இழுத்துப் போடச் சோம்பல். பெட்டிகளை முன்னால் வைத்துக்கொண்டு, சோபாவின் கையைச் சிம்பலாக்கிக்கொண்டு, காற்றில் வாசித்தார். பாட்டு எது தெரியுமா? 'யூ கான்ட் ஆல்வேஸ் கெட் வாட் யூ வான்ட்'. இசைத்தட்டில் அவர் வாசிக்காத அதே பாட்டு. தெரிந்து செய்த குறும்பா தெரியாது. முகத்தில் மட்டும் அன்றைக்கு நல்ல சிரிப்பு.

2021 ஆகஸ்ட் 24 அன்று லண்டனில் இறந்தார், எண்பது வயது. அதற்குச் சில வாரம் முன்புதான், உடம்பு சரியில்லாததால் அந்த வருஷப் பயணத்துக்கு வரவில்லை, தனக்குப் பதில் ஸ்டீவ் ஜோர்டான் வாசிப்பார் என்று அறிவித்திருந்தார்கள். ஜோர்டான் பிரமாதமான டிரம்மர், கீத்தோடு எண்பதுகளிலிருந்தே வாசித்தவர். ஆனால் அவர் முன்னால் போகிறவர், பாட்டைத் தள்ளிக்கொண்டு போவார். இப்போது ஸ்டோன்ஸ் கச்சேரி முன்பைவிடச் சுத்தமாக இருக்கிறது. அது எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. எங்கள் கீபோர்டு அண்ணனுக்கு இப்போதுதான் ரொம்பப் பிடிக்கிறதாம்.

2023ல் வந்த 'ஹாக்னி டயமண்ட்ஸ்' ஆல்பத்தில் சார்லி முன்பே வாசித்து வைத்த இரண்டு பாட்டு இருக்கிறது. 'மெஸ் இட் அப்' சுமார்தான். 'லிவ் பை த ஸ்வோர்ட்' பாட்டைக் கேளுங்கள். முப்பது வருஷத்துக்கு முன் குழுவை விட்டுப் போன பில் வைமனைக் கூப்பிட்டு அதற்கு பேஸ் வாசிக்கச் சொல்லியிருக்கிறார்கள். வேறு எதையும் கேட்காமல் மூன்று பேரை மட்டும் கேளுங்கள். கீத் எடுக்கிறார், வைமன் துளி முந்துகிறார், சார்லி துளி பிந்துகிறார். நல்ல ஹெட்ஃபோன் வேண்டும். போன் ஸ்பீக்கரில் போட்டுவிட்டு ஒன்றும் கேட்கவில்லையே என்று கமெண்டில் சண்டைக்கு வராதீர்கள்.